1,460-இல் அறுந்துபோகும் கோப்பு

கேள்வி: 2 மே 2025, கீழக்கரை

ஐயா, ஒரு படத்தை இரண்டு லேப்டாப்புகளுக்கு இடையே அனுப்பப் பைத்தானில் 20 வரி எழுதினேன். அனுப்பும் பக்கம் கோப்பு முழுவதையும் படித்து ‘சென்ட்ஆல்’ செய்கிறது. வாங்கும் பக்கம் 1,024 பைட்டாக ‘ரிசீவ்’ செய்து எழுதுகிறது. 1,024-க்குக் குறைவாக வந்தால் அதுதான் கடைசித் துண்டு என்று முடித்துவிடுகிறது. ஒரே லேப்டாப்பில் இரண்டையும் ஓட்டினால் படம் முழுதாக வருகிறது. விடுதி வைஃபையில் நண்பனின் லேப்டாப்புக்கு அனுப்பினால் அறுந்துபோகிறது. ஒரு முறை 14,600 பைட், ஒரு முறை 4,380, இன்னொரு முறை 1,460. படமோ 23 லட்சம் பைட். இரண்டும் விண்டோஸ். டிசிபி என்ற பரிமாற்ற நெறிமுறை நம்பகமானது என்று பாடத்தில் இருக்கிறதே, வைஃபையில் அது செல்லாதா?

3 மே 2025, காலை

டிசிபி வாக்குத் தவறவில்லை தம்பி. அது கொடுக்காத வாக்கை நீங்கள் எதிர்பார்த்துவிட்டீர்கள். உங்கள் மூன்று எண்களையும் 1,460-ஆல் வகுத்துப் பாருங்கள்: 10, 3, 1. மீதியே இல்லை. வைஃபை கோளாறு இவ்வளவு ஒழுங்காக அறுக்காது.

ஈதர்நெட் என்ற கேபிள் வலையமைப்பில் ஒரு பொட்டலத்துக்கு 1,500 பைட் இடம். ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போனால் சரக்குக்கு 1,460. வைஃபையிலும் வழக்கமாக இதே கணக்குதான். முதல் பொட்டலம் வருகிறது. உங்கள் நிரல் 1,024 எடுக்கிறது. மிச்சம் 436. அதையும் எடுக்கிறது. 436 குறைவுதானே, ‘கடைசித் துண்டு’ என்று கோப்பை மூடிவிடுகிறது. அடுத்த பொட்டலம் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். மூன்று பொட்டலங்கள் சேர்ந்து வந்தபோது 4,380: நான்கு முறை 1,024, பிறகு ஒரு 284. அங்கே நின்றுவிட்டது.

அந்த வரியை அழியுங்கள். ‘ரிசீவ்’ 0 பைட் திருப்பினால் மட்டுமே எதிர்ப்பக்கம் அனுப்பி முடித்து மூடிவிட்டது என்று பொருள். நீங்கள் கொடுக்கும் 1,024 ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்ற வரம்பு. ‘இவ்வளவு கொடு’ என்ற கட்டளை அல்ல. டிசிபி தருவது துண்டுகள் அல்ல, ஒரு ‘பைட் ஓடை’.

ஒரே லேப்டாப்பில் வேலை செய்ததுதான் உங்களை ஏமாற்றியது. 127.0.0.1 என்பது கணினி தன்னையே கூப்பிடும் முகவரி. அதற்குப் போவது கேபிளையும் பார்ப்பதில்லை, வைஃபையையும் பார்ப்பதில்லை. பெரும் கட்டிகளாக வந்து குவிகிறது, நீங்கள் அள்ளும் வேகத்தைவிட வரத்து அதிகம். ஒவ்வொரு அள்ளலிலும் 1,024 நிறைந்துவிட்டது.

3 மே, இரவு

‘பைட் ஓடை’ என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கட்டிக் கிடக்கின்றன, எழுதுகிறேன்.

பாம்பனில் படகுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் பார் பாராக வரும். அரவை இயந்திரத்தில் தள்ளினால் தூளாகிச் சரிவில் வழுக்கிப் படகின் ஐஸ் அறைக்குள் விழும். மேலே நிற்பவர் 3 பார் தள்ளினார். கீழே மண்வெட்டியோடு நிற்பவருக்கு அது 3 பாரா, 5 பாரா என்று எப்படித் தெரியும்? அவர் அள்ளும் ஒரு வெட்டில் முதல் பாரின் வாலும் இரண்டாம் பாரின் தலையும் கலந்திருக்கும். முதலில் தள்ளியது முதலில் விழும், இடையில் ஒரு துகளும் தவறாது. இந்த இரண்டுக்குத்தான் டிசிபி பொறுப்பு. எங்கள் ஐஸ் கம்பெனி இரண்டாவதற்குப் பொறுப்பேற்காது, கால்பங்கு தரையில்தான் கிடக்கும்.

ஆகவே நீங்கள் ஒரு முறை ‘சென்ட்’ செய்தது அங்கே ஒரு ‘ரிசீவ்’ ஆகத்தான் வரும் என்று எந்த இடத்திலும் நம்பாதீர்கள். ஒன்று பத்தாக வரலாம், பத்து ஒன்றாக வரலாம். 1983-இல் 4.2பிஎஸ்டி யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த சாக்கெட் (நிரல் வலையமைப்போடு பேசும் வாசல்) அழைப்புகளைத்தான் இன்றும் பெரும்பாலும் அதே பெயரில் அழைக்கிறோம். அன்றும் இப்படித்தான்.

யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை வேறு ரகம். அங்கே பார் பாராகவே போகும், எல்லை கலையாது. ஆனால் போன பார் போய்ச் சேருமா, எந்த வரிசையில் சேரும் என்பதற்கு ஆள் இல்லை.

4 மே

சோளியகுடிக்காரர் ஒருவர் தன் லினக்ஸ் கணினிகளுக்கு இடையே 1,448 வருகிறது, என் 1,460 தவறு என்கிறார். தவறில்லை, அரைகுறை. லினக்ஸ் ஒவ்வொரு பொட்டலத்திலும் நேரமுத்திரை வைக்கிறது. அதற்கு 12 பைட். கழித்துக்கொள்ளுங்கள்.

நேற்று 14,600-ஐத் தற்செயல் என்று நினைத்து விட்டுவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. புதிய இணைப்பில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒப்புதல் வருமுன் எத்தனை பொட்டலங்களை அனுப்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை 10 ஆக்கியது. அனுப்பும் பக்கம் 10-ஐத் தள்ளிவிட்டு ஒப்புதலுக்காக நின்றிருக்கிறது. வாங்கும் பக்கம் பத்தையும் வழித்து எடுத்துவிட்டு, கடைசியில் 264 பைட் வந்ததும் கதவைச் சாத்தியிருக்கிறது. உங்கள் பிழை அந்த வரம்பை அளந்து காட்டிவிட்டது.

5 மே

‘இணைப்பே கிடைக்கவில்லை’ என்பவர்களுக்கு: வாங்கும் நிரலை 127.0.0.1-இல் ‘பைண்ட்’ செய்து, அதாவது அந்த முகவரியில் மட்டும் காத்திருக்க வைத்துவிட்டுப் பக்கத்து லேப்டாப்பைக் கூப்பிட்டால் யார் வருவார்? 0.0.0.0 கொடுங்கள், எந்த வழியாக வந்தாலும் ஏற்றுக்கொள் என்று பொருள். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால் வழிமறிக்கிறது. போர்ட் எண் 1,024-க்கு மேல் இருக்கட்டும்.

9 மே

0 பைட் வரும்வரை படி என்று சொன்னேன். அதில் எனக்கே திருப்தி இல்லை. அனுப்புபவரின் நிரல் பாதியில் செத்தாலும் பல நேரம் இயங்குதளம் இணைப்பை மரியாதையாக மூடிவிடும். உங்களுக்கும் 0 வரும், பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று வைத்துக்கொள்வீர்கள். இரண்டாவது கோப்பை அதே இணைப்பில் அனுப்பவும் வழியில்லை.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வைத்திருக்கும் முறை: முதல் 4 பைட்டில் பெயரின் நீளம், அடுத்த 8 பைட்டில் கோப்பின் அளவு, பிறகு பெயர், பிறகு சரக்கு. இந்த 12 பைட்டையும்கூட ஒரே ‘ரிசீவ்’ கொடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. ‘எனக்கு இத்தனை வேண்டும், சேரும்வரை சுற்று’ என்று ஒரு சிறு செயற்கூறு எழுதி எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். அளவுக்கு 4 பைட் போதாதா என்றால், 4 பைட்டில் 4,29,49,67,295 வரைதான் எண்ண முடியும். தடைக்காலத்தில் படகைப் புதுப்பிக்கும் வீடியோவை எடுக்கச் சொன்ன எங்கள் சம்மாட்டி (படகு முதலாளி) அதை ஒரே நாளில் தாண்டிவிட்டார்.

எண்ணை எழுதும் திசையும் முக்கியம். நாம் ‘இரண்டாயிரத்து இருபத்தைந்து’ என்று பெரிய பக்கத்திலிருந்து சொல்கிறோம். வலையமைப்பின் வழக்கமும் அதுதான். நம் மேசையில் இருக்கும் இன்டெல் கணினிகள் சிறிய பக்கத்திலிருந்து வைக்கின்றன. இந்தச் சண்டையைப் பற்றிக் கணினி அறிஞர் டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 அன்றே சமாதானம் வேண்டி ஒரு குறிப்பு எழுதினார். தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு பக்கம் மாற்றி, மறு பக்கம் மாற்ற மறந்தேன். அன்று 4 பைட் எண்தான் வைத்திருந்தேன். 1,000 பைட் கோப்பு போனது. வாங்கும் பக்கம் அதை 3,89,25,10,720 என்று படித்து, 389 கோடி பைட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எண்களைப் பைட்டாக அடுக்கும் பைத்தானின் ‘ஸ்ட்ரக்ட்’டில் முதலில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் இந்தத் தொல்லை தீரும். அது இல்லாவிட்டால் 4-க்கும் 8-க்கும் இடையே வெற்றிடம் நுழைந்து 12 பைட் 16 ஆகும் தொல்லையும் சேர்ந்து தீரும்.

9 மே, பிற்பகல்

பெயரின் நீளம் என்றேன். எந்த நீளம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன், தம்பி அரை மணி நேரத்தில் அதில் விழுந்துவிட்டார். கோப்பின் பெயர் ‘ஏலம்’. நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 4 என்கிறது: ஏ, ல, ம, புள்ளி. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆகக் கம்பியில் போவது 12. பின்னொட்டின் புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து 16. நிரல் 8 என்று அறிவித்துவிட்டு 16 அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் 8 பைட்டை வெட்டி எடுக்கிறது. அது ‘ஏல’ முடிந்து ‘ம’வின் நடு வயிற்றில் விழுகிறது. யுனிகோட் பிழை. முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு நீளத்தை எண்ணுங்கள்.

ஆங்கிலப் பெயரே வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இந்தப் பிழை ஆயுளுக்கும் தெரியாது. தமிழில் பெயர் வைத்தது நல்லதாயிற்று.

11 மே

என் பழைய அவமானம். ஏலக் கொட்டகையிலிருந்து அலுவலக அறை வரை சுமார் 140 மீட்டர். கேபிள் இழுத்து, நானே சி மொழியில் வாங்கும் நிரல் எழுதி, மீன் பெட்டிப் படங்களையும் கணக்கையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று இழுபறி. ஒரு படம் ஒரு நிமிடம் எடுக்கும். சேர்ந்த படத்திலும் வண்ணக் கோடுகள். அனுப்பியது 2,61,120 பைட், வந்தது 2,62,147. நான்கு இரவு நிரலை மாற்றி மாற்றி எழுதினேன். ஐந்தாம் நாள் கொட்டகைப் பக்கத்துச் சொருகியைப் பிடுங்கிப் பார்த்தால் எட்டுக் கம்பிகளில் மூன்றில் பச்சைக் களிம்பு. கச்சான் காற்று உப்பையும் மணலையும் நேராக அதற்குள் ஊதியிருக்கிறது. முனையை வெட்டிப் புதிய சொருகி போட்டேன். கடற்கரையில் நிரலைச் சந்தேகிக்கும் முன் சொருகியைச் சந்தேகியுங்கள்.

12 மே

தொண்டியிலிருந்து ஒரு கேள்வி: “அனுப்பியதைவிட வந்தது 1,027 பைட் அதிகம் என்கிறீர்கள். துரு குட்டி போடுமா?”

போடாது. நேற்று இரண்டு நோய்களை ஒரே மருந்தில் அடைத்துவிட்டேன். களிம்பு பிடித்த கம்பியில் பொட்டலம் சிதைந்தால் ஈதர்நெட் அட்டை சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து அதை வீசிவிடும், டிசிபி மறுபடி கேட்டு வாங்கும். இழுபறிக்குக் காரணம் அது. வண்ணக் கோட்டுக்குக் காரணம் நான். விண்டோஸில் கோப்பை உரைமுறையில் திறந்து எழுதியிருக்கிறேன். அந்த முறையில் 10 என்ற பைட் வரும் இடமெல்லாம் அதற்கு முன் 13 ஒன்று தானாகச் சேரும், வரி முடிவு என்ற நினைப்பில். படத்தில் ஏறக்குறைய 256 பைட்டுக்கு ஒரு 10 வரும். 2,61,120-ஐ 256-ஆல் வகுத்தால் 1,020. பார்த்தீர்களா, ஏழுதான் வித்தியாசம். சொருகி மாற்றிய அன்றைக்கே நிரலிலும் பைட்டை அப்படியே எழுதும் பைனரி முறைக்கு மாற்றியிருந்தேன். எது எதைச் சரிசெய்தது என்று மறந்துபோய், கேட்பவரிடமெல்லாம் கடல் மேலேயே பழி போட்டுவந்திருக்கிறேன்.

இது புதிய பள்ளம் அல்ல. இணையத்துக்கு முந்தைய ஆர்பாநெட்டில் கோப்புப் பரிமாற்றத்துக்கு 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்தவர். எஃப்டிபி என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. எஃப்டிபியில் உரையா, பைனரியா என்று கேட்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல.

அதோடு, கேபிள் 140 மீட்டர் என்று படித்துவிட்டு மண்டபத்துக்காரர் சிரித்திருப்பது நியாயம்தான். செப்புக் கம்பிக்கு 100 மீட்டர்தான் வரம்பு. பிறகு நடுவில் ஐஸ் அறைச் சுவரில் ஒரு சுவிட்ச் வைத்தேன்.

18 மே

சம்மாட்டியின் கட்சி: “பையன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனால் இரண்டு நிமிடம். இதற்கு எதற்கு நிரல்?” கணக்குப் போட்டேன், தோற்றுவிட்டேன். 32 ஜிபி, 120 வினாடி: வினாடிக்கு 266 எம்பிக்கு மேல். என் 100 எம்பிபிஎஸ் கேபிள் (அது பிட் கணக்கு, 8 பிட் ஒரு பைட்) முழு மூச்சில் ஓடினாலும் வினாடிக்கு 12.5 எம்பி. சைக்கிள் வென்றது.

19 மே

சைக்கிள் வெல்லவில்லை. பென்டிரைவில் ஏற்றும் நேரத்தையும் இறக்கும் நேரத்தையும் விட்டுவிட்டேன். எங்களிடம் இருக்கும் பென்டிரைவ் வினாடிக்கு 20 எம்பிதான் எழுதும். ஏற்ற 1,600 வினாடி, இறக்க ஏறக்குறைய அதே அளவு, நடுவில் சைக்கிள். மொத்தம் 55 நிமிடத்துக்கு மேல். கேபிளில் 2,560 வினாடி, 43 நிமிடத்துக்குள். சம்மாட்டியிடம் சொன்னேன். “12 நிமிடத்துக்காகவா நான்கு இரவு முழித்தாய்?” என்றார். பதில் இல்லை.

‘ஆயத்தமாக இருக்கும் கருவிகள் எத்தனையோ இருக்க இதை ஏன் எழுத வேண்டும்’ என்று கேட்டவருக்கு: வேலைக்கு ‘ஆர்சிங்க்’ வையுங்கள். பாதியில் நின்ற கோப்பைத் தொடரும், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். தம்பி படிக்கிறார், அவர் எழுதட்டும். நான் எழுதியதற்குத் தடைக்காலம்தான் காரணம்.

31 மே

மேலே எழுதியதிலெல்லாம் விட்டுப்போன பெரிய ஓட்டை. ‘சென்ட்ஆல்’ பிழையில்லாமல் திரும்பியது, ஆகவே கோப்பு போய்ச் சேர்ந்தது என்று நம்பி மூலக் கோப்பை அழிக்கிறார் தம்பி. நிறுத்துங்கள். ‘சென்ட்ஆல்’ முடிந்தால் உங்கள் கணினியின் இயங்குதளம் பைட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம். அவை கம்பியில் இருக்கலாம், எதிர்ப்பக்கத்தின் நினைவகத்தில் இருக்கலாம், அங்கே வட்டு நிறைந்து எழுத முடியாமல் நிற்கலாம்.

கரையில் 40 பெட்டி ஏற்றி வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பினால் எங்கள் பேரேட்டில் 40 என்று எழுதமாட்டோம். அங்கே இறக்கி, எண்ணி, சிட்டை எழுதி அனுப்ப வேண்டும். 38 என்று வந்த சிட்டைகளும் உண்டு. ஓட்டுநர் சத்தியம் செய்வார், ஐஸ் உருகியது என்பார். பெட்டி எப்படி உருகும்?

நிரலிலும் சிட்டை வேண்டும். வாங்கும் பக்கம் முழுவதையும் வட்டில் எழுதி, திரும்பப் படித்து, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு அந்த 32 பைட்டை அனுப்பட்டும். இந்தப் பக்கம் தன் கணக்கோடு ஒப்பிட்டு, ஒன்றானால் மட்டும் அழிக்கட்டும். டிசிபியின் சொந்தச் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட். போகிற போக்கில் பார்ப்பதற்கு அது போதும், பேரேட்டுக்குப் போதாது.

சிட்டை வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? கொட்டகையில் ஒரு நாள் மாலை மின்சாரம் போனது. அனுப்பிக்கொண்டிருந்த கணினி அணைந்தது. அலுவலகக் கணினிக்கு யுபிஎஸ் உண்டு. அது மறுநாள் காலை நான் வரும்வரை அடுத்த பைட்டுக்காகக் காத்திருந்தது. செத்தவர் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லவில்லையே. லினக்ஸில் ‘கீப்அலைவ்’ என்ற விசாரிப்பு உண்டு, ஆனால் தானாக இயங்காது, இயக்கினாலும் முதல் விசாரிப்பு 2 மணி நேரம் கழித்துத்தான். சாக்கெட்டுக்கு 30 வினாடிக் கெடு வைத்துவிடுங்கள்.

1 ஜூன்

30 வினாடி என்பது ஒவ்வொரு ‘ரிசீவ்’ அழைப்புக்கும் தனித்தனி. முழுக் கோப்புக்கும் அல்ல. நேற்று தெளிவாக எழுதவில்லை.

13 ஜூன்

தம்பி படம் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார், இரண்டு பக்கமும் ஒரே சிட்டை. படம் பாம்பன் புதிய பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்கியிருப்பது. பழையது இரண்டு கைகளாக விரிந்தது, இது அப்படியே மேலே போகிறது.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பக்கம் அனுப்பும் பெயரை அப்படியே எடுத்துக் கோப்பைத் திறக்காதீர்கள். பெயரில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வந்தால் மேல் அடைவுக்குப் போய் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

நாளையோடு 61 நாள் முடிகிறது. ஐஸ் இப்போதே ஏற்றுகிறார்கள். இனி எழுத நேரம் இருக்காது.

29 ஜூன்

எழுத வேண்டியதாகிவிட்டது. படகுகள் கரைக்கு வந்த முதல் நாள் ‘ஏலம்’ என்று ஒரு கோப்பு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ‘ஏலம்’. இரண்டுக்கும் சிட்டை சரியாக வந்தது, மூலத்தை நிரல் அழித்தது. முதல் நாள் கணக்கின் மேல் மூன்றாம் நாள் கணக்கு உட்கார்ந்துவிட்டது. கணவாய் வாங்கியவர் ஏலத் தாளைக் காட்டுகிறார், காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

தம்பி, உங்கள் நிரலிலும் இதே கோளாறு இருக்கிறது, என்னைப் பார்த்துத்தானே எழுதினீர்கள். தற்காலிகப் பெயரில் எழுதி, சிட்டை ஒத்துப்போன பிறகு உண்மைப் பெயரை வையுங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதாமல் தேதியைச் சேருங்கள். நான் இன்று இரவு மாற்றுகிறேன். கொட்டகைக் கணினியில் அழிந்ததை மீட்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.